சங்கத்து வண்டியின் எஞ்சின் தடுமாறினால்

திண்டுக்கல் சமவெளியில் விளையும் பொருள்களில் பல, விலைக்காக ஒரு நாள் கூடக் காத்திருக்க இயலாதவை. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை வெயில் ஏறுமுன் சந்தை சேர வேண்டும். பழனி சாலையிலுள்ள ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளியும் முருங்கைக்காயும், கேரளத்துக்குச் செல்லும் லாரிகள் புறப்படுமுன் விலைபோக வேண்டும். முற்காலத்தில் கட்டை வண்டிகளும், சிறுமலை போன்ற இடங்களில் பொதி சுமக்கும் குதிரைகளும் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது சிறிய பிக்கப் மோட்டார் வண்டிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. சங்கங்கள் வாங்கும் வண்டிகள் பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டிகளே. ஆகையால் அவற்றின் நோயை அறியும் முறையை அங்கத்தினர்கள் ஓரளவாவது தெரிந்திருப்பது அவசியம்.

அந்நோய்களுள் அடிக்கடி வருவதும், அதிக வீண்செலவுக்கு இடமாவதும் எஞ்சின் தடுமாற்றம் ஆகும். பட்டறைகளில் இதை 'மிஸ்ஸிங்' என்பர். எஞ்சின் ஒரே தாளத்தில் ஓடாமல், விட்டு விட்டு அடித்து, இழுவை குறைந்து, வண்டியின் உடலே குலுங்கும். இதற்கு மருந்து வாங்குவது எளிது; காரணத்தைக் காண்பதே கடினம்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஒரு கிராமத்துச் சங்கத்தார், நான்கு ஸிலிண்டர் உள்ள பழைய டீஸல் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அங்கத்தினர்களின் காய்கறியைச் சந்தைக்கு அனுப்பி வந்தனர் என்று வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி, சில மாதங்களில் 9 கிலோமீட்டர்தான் ஓடிற்று. ஏற்றத்தில் இழுக்கவில்லை, காலையில் புகை கக்கிற்று. எஞ்சின் சரியில்லை என்று டிரைவர் சொன்னார். பட்டறையில் ஒருவர், டீஸல் பம்பு கெட்டுவிட்டது என்றார். பம்பைக் கழற்றிச் செப்பனிட்டுப் பெருந்தொகை கொடுத்தனர். வண்டியின் குணம் மாறவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், "எண்ணெய் எங்கேதான் போகிறது?" என்ற கேள்வி எழுந்தது. டிரைவர் டீஸலை விற்கிறார் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவ்வாறே எண்ணினர். அவருடைய அம்மாதச் சம்பளம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வண்டியின் உண்மை நிலை இப்பாடத்தின் பிற்பகுதியில் கூறப்படும்.

1. எஞ்சின் வேலை செய்யும் விதம்

ஸிலிண்டர் என்பது குழாய் போன்ற ஓர் அறை. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. முதல் ஓட்டத்தில் காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. இரண்டாம் ஓட்டத்தில் அழுத்தப்படுகிறது. மூன்றாம் ஓட்டத்தில் எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காம் ஓட்டத்தில் புகை வெளியேறுகிறது. நான்கு ஓட்டங்களில் ஒன்றே வேலை செய்யும் ஓட்டம். ஆகவே எஞ்சின் இரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ஸிலிண்டரும் ஒரு முறை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடும் நான்கு ஸிலிண்டர் எஞ்சினில், ஸிலிண்டருக்கு 400 வீதம் 1,600 வெடிப்புக்கள் நிகழவேண்டும். ஒரு ஸிலிண்டர் வேலை செய்யாவிடில், நிமிஷத்துக்கு 400 வெடிப்புக்கள் குறையும். மற்ற மூன்றும் தங்கள் வேலையோடு, சோம்பிய ஸிலிண்டரின் பிஸ்டனையும் சுமந்து ஓட்ட வேண்டியிருக்கும்.

ஜெர்மனி தேசத்து ஓட்டோ என்பவர் 1876-ல் இந்நான்கு ஓட்ட முறையில் எஞ்சினைச் செய்து காட்டினார். பெட்ரோல் வண்டிகள் இம்முறையைச் சேர்ந்தவை. அவற்றில் மின்பொறி கலவையைக் கொளுத்துகிறது. ருடால்ப் டீஸல் என்பவர் 1897-ல் அவுக்ஸ்புர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கு மின்பொறி வேண்டுவதில்லை. காற்றை அதன் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது தானே கடுஞ்சூடு அடைகிறது. அதில் தெளிக்கப்படும் டீஸல் தானே பற்றிக்கொள்கிறது.

எந்த எஞ்சினாயினும் ஒரு ஸிலிண்டர் சரியாக வெடிப்பதற்கு மூன்று வேண்டும். முதலாவது, தக்க அளவில் காற்றும் எரிபொருளும். இரண்டாவது, கசிவில்லாத அழுத்தம். மூன்றாவது, உரிய நேரத்தில் நெருப்பு. தடுமாற்றத்துக்கு எத்தனை காரணம் கூறப்பட்டாலும், அவை யாவும் இம்மூன்றில் ஒன்றன் குறையாகவே முடியும்.

2. தடுமாற்றமா, வேறு குறையா?

இழுவை குறைந்தால் எல்லாம் தடுமாற்றம் ஆகாது. எஞ்சினின் தாளம் சீராக இருந்து, வேகம் மட்டும் வராவிடில், பிரேக் பிடித்துக்கொண்டிருத்தல், கிளட்ச் வழுக்குதல், காற்று வடிகட்டி புழுதியால் அடைத்திருத்தல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துச் செம்மண் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்குக் காற்று வடிகட்டியின் அடைப்பு மிகச் சாதாரணம்.

தாளம் கெட்டிருந்தால், அது கெடும் விதத்தைக் காதால் கேட்க வேண்டும். குறித்த இடைவெளியில் ஒரே சீராக ஓர் அடி குறைந்தால், ஏதோ ஒரு ஸிலிண்டரில் மட்டும் குறை உண்டு என்பது பொருள். இன்ன அடி என்றில்லாமல் முன்பின்னாகத் தவறினால், எல்லா ஸிலிண்டர்களுக்கும் பொதுவான உறுப்பில் குறை இருக்கலாம்: பெட்ரோல் வண்டியில் காயில், பாயிண்டு, கார்ப்யூரேட்டர், டீஸல் வண்டியில் எண்ணெய்க் குழாய், வடிகட்டி, பம்பு.

புகையும் சாட்சி சொல்லும். டீஸல் வண்டியில் கறுப்புப் புகை, எண்ணெய் அதிகம் அல்லது காற்றுக் குறைவு என்பதைக் காட்டும். கண்ணை எரிக்கும் வெண்புகை, எரியாத டீஸல் வெளியேறுவதைக் காட்டும். நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளாவி நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து வந்தால், அத்தண்ணீர் ஸிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுறலாம்.

3. கையை வைக்குமுன் கேட்க வேண்டியவை

வைத்தியர் நோயாளியை விசாரிப்பது போல, முதலில் டிரைவரை விசாரிக்க வேண்டும். வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவரே அதன் மாறுதலை முதலில் உணர்கிறவர். அவரைக் கேளாமல் ஸ்பானரை எடுப்பது, மனுதாரரை விசாரியாமல் தீர்ப்புச் சொல்வதை ஒக்கும். கேட்க வேண்டியவை ஐந்து:

குறை எந்த நாளில் தொடங்கிற்று? அதற்குச் சற்று முன் வண்டியில் என்ன வேலை செய்யப்பட்டது, எங்கே எண்ணெய் நிரப்பப்பட்டது? காலைக் குளிரில் வருகிறதா, சூடேறிய பின் வருகிறதா? பாரத்திலும் ஏற்றத்திலும் வருகிறதா, நின்று ஓடும்போதும் வருகிறதா? மழையிலும் ஈரத்திலும் மிகுகிறதா?

இவற்றுக்கு வரும் விடையிலேயே பாதிக் காரணம் வெளிப்பட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தடுமாறும் பெட்ரோல் வண்டியில் மின்சாரக் கம்பிகளின் ஈரத்தை முதலில் பார்க்கலாம். காலையில் தடுமாறிச் சூடேறியபின் சீராகும் டீஸல் வண்டியில், ஹீட்டர் பிளக் இருந்தால் அதைச் சோதிக்கலாம். சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் தடுமாறினால், எண்ணெய் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று கருத இடமுண்டு.

4. எந்த ஸிலிண்டர்?

ஒரே சீராக ஓர் அடி தவறும் எஞ்சினில், அடுத்துக் காண வேண்டியது வேலை செய்யாத ஸிலிண்டர் எது என்பதே. இச்சோதனையை மெக்கானிக் செய்யும்போது, சங்கத்தார் ஒருவர் அருகிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். மேல்துண்டு, தொங்கும் வேட்டி நுனி, தளர்ந்த சட்டை ஆகியவற்றோடு ஓடும் விசிறியின் அருகில் எவரும் நிற்கலாகாது.

எல்லாவற்றினும் எளிய சோதனை தண்ணீர்ச் சோதனை. இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினைக் கிளப்பிச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஸிலிண்டரிலிருந்தும் புகை வெளியேறும் இரும்புக் கிளையின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். வேலை செய்யும் ஸிலிண்டரின் கிளையில் சொட்டு உடனே சுண்டிப்போகும். வேலை செய்யாததன் கிளையில் தங்கி நிற்கும். கையால் தொட்டுப் பார்ப்பது கூடாது.

பெட்ரோல் வண்டியில் அடுத்த சோதனை வருமாறு: எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதனை உபரிப் பிளக் ஒன்றில் மாட்டி, அப்பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் இரும்பில் நன்கு படும்படி வைத்து, மறுபடி எஞ்சினை ஓட்ட வேண்டும். கழற்றிய ஸிலிண்டர் நல்லதாயின், தடுமாற்றம் முன்னினும் அதிகமாகும். தடுமாற்றத்தில் எவ்வித மாறுதலும் இல்லையாயின், அந்த ஸிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்பது தெளிவு. ஓடும்போது கம்பியைக் கையால் தொட்டால் கடும் மின் அதிர்ச்சி உண்டாகும். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இச்சோதனையே செய்யலாகாது.

பழைய முறை டீஸல் பம்பு உள்ள வண்டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் குழாயின் நட்டைச் சிறிதளவு தளர்த்திப் பார்ப்பர். தளர்த்தியதும் ஓட்டம் இன்னும் கெட்டால், அந்த ஸிலிண்டர் நல்லது. மாறாவிடில் அதுவே குற்றவாளி. தளர்த்தும்போது முகத்துக்குக் கண்ணாடியும், நட்டின்மேல் துணியும் வேண்டும். அழுத்தத்தோடு பீச்சும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே புகும். புகுந்தால் காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். காமன் ரயில் என்னும் புதுமுறை எஞ்சின்களில் இந்த நட்டை ஓட்டத்தில் ஒருபோதும் தளர்த்தலாகாது. அவற்றில் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 1,000 மடங்குக்கும் மேற்பட்டது; அது உயிருக்கே ஆபத்து. அவ்வண்டிகளைக் கம்ப்யூட்டர் கருவி வைத்துள்ள பட்டறையில்தான் சோதிக்க வேண்டும்.

2005-ல் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியின் முதல் மாதிரிகளில் ஏறக்குறைய 700 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள டீஸல் எஞ்சினும், இரண்டே ஸிலிண்டர்களும் உண்டு. அதில் ஒன்று நின்றால் பலம் பாதியினும் குறைந்து, குலுக்கலும் மிகுதியாகும். ஆகவே அவ்வண்டியில் சிறு தடுமாற்றத்தையும் அலட்சியம் செய்யலாகாது.

குற்றமுள்ள ஸிலிண்டர் தெரிந்தபின், புதிய சாமான் வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதன் பிளக்கையோ நாசிலையோ பக்கத்து நல்ல ஸிலிண்டருக்கு மாற்றி, அங்குள்ளதை இங்கே போட வேண்டும். குறை மாற்றிய சாமானோடு சென்றால், சாமான் கெட்டது. குறை அதே ஸிலிண்டரில் நின்றால், அச்சாமான் குற்றமற்றது. வேறு காரணம் தேட வேண்டும். நாசிலை மாற்றும்போது அடியிலுள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுவது முறை.

5. பெட்ரோல் வண்டியில் நெருப்பின் குறை

கழற்றிய பிளக்கின் முகத்தைப் பார்த்தாலே ஸிலிண்டரின் நிலை தெரியும். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமான கறுப்பு ஆயில் படிந்திருந்தால் ரிங்குகளோ வால்வு வழியோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கடுஞ்சூடு, அல்லது பெட்ரோல் குறைவு. பிளக்கின் இடைவெளியும் பாயிண்டின் இடைவெளியும் கண்மட்டத்தால் வைக்கத்தக்கவை அல்ல. கம்பெனியார் கொடுத்த புத்தகத்திலுள்ள அளவுக்கு ஃபீலர் தகட்டைச் செருகி வைக்க வேண்டும். பாயிண்டுகள் அடிக்கடி தீய்ந்து குழி விழுந்தால், பாயிண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கண்டென்ஸரைச் சோதிக்க வேண்டும்.

இரவில் விளக்கின்றி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த கம்பிகளிலிருந்து மின்பொறி வெளியே தாவுவது கண்ணுக்குத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிர் போன்ற கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் அவ்வழியே திருட்டுப் பாதையில் செல்கிறது என்று அறியலாம். அம்மூடியை மாற்ற வேண்டும். நான்கு ஸிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பவை. கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டாலும் தடுமாற்றம் உண்டாகும். ஆகையால் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டுதல் நலம்.

சித்திரை, வைகாசி வெயிலில் சூடேறிய வண்டி நின்று நின்று ஓடினால், பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகித் தடுப்பதுண்டு. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பம்பின்மேல் ஈரத்துணி போட்டால் சரியாகும். 2025-ல் இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எதனால் கலக்கும் நிலை எய்தப்பட்டது. கார்ப்யூரேட்டர் உள்ள மிகப் பழைய வண்டிகள் இக்கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் ரப்பர்க் குழாய்கள் இளகுதலும், கலவையில் எரிபொருள் குறைந்து தடுமாறுதலும் ஏற்படலாம். எதனால் நீரையும் இழுக்கும் தன்மையுடையது. ஆதலால் நெடுநாள் நிற்கும் வண்டியின் தொட்டியில் பழைய பெட்ரோலை வைத்திருத்தல் தகாது.

6. டீஸல் வண்டியில் எண்ணெயின் குறை

டீஸல் எஞ்சினுக்குச் சத்துருக்கள் மூவர்: காற்று, தண்ணீர், தூசி.

தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். ஆகவே கசிவு தெரியவில்லை என்பதால் குழாய் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்யலாகாது. காற்றுப் புகுந்த வண்டி, கைப்பம்பால் காற்றை வெளியேற்றியதும் சீராகி, சில மணி நேரத்தில் மறுபடி தடுமாறும். அப்போது கைப்பம்பை மறுபடி அடிப்பதோடு நில்லாமல், காற்றுப் புகும் ஓட்டையைத் தேட வேண்டும்.

தண்ணீரைக் கண்டறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து சிறிது டீஸலைப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் தனியே தங்கும். துருவும் தூசியும் அதற்குக் கீழே படியும். நாசிலின் துவாரங்கள் மிக நுண்ணியவை. அவற்றில் துரு ஏறினால் எண்ணெய் பனிபோலத் தெளிக்கப்படாமல் சொட்டுச் சொட்டாக விழும். சொட்டும் எண்ணெய் முழுதும் எரியாது. புகையாகும், ஸிலிண்டர்ச் சுவரைக் கழுவும், எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். இழுவை குறைவதோடு எண்ணெய்ச் செலவும் மிகும்.

வடிகட்டியின் அருமை இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, சென்னை மாகாணத்தில் பல பஸ்களும் லாரிகளும் கரி வாயுவால் ஓட்டப்பட்டன. 1911-ல் மதுரையில் தோன்றிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் கம்பெனியார் அதற்கான கருவிகளைச் செய்தளித்தனர். சாம்பலும் கரித்தூளும் ஸிலிண்டருக்குள் செல்லாதபடி வடிகட்டியைச் சுத்தம் செய்வது அவ்வண்டிகளுக்கு இன்றியமையாத வேலை. எரிபொருள் மாறினாலும் அந்த விதி மாறவில்லை.

7. அழுத்தத்தின் குறை

எண்ணெயும் நெருப்பும் சரியாயிருந்தும் ஒரு ஸிலிண்டர் வெடியாவிடில், அழுத்தமானியால் எல்லா ஸிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து எழுத வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைந்திருந்தால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் எஞ்சினில் அந்த ஸிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அழுத்தம் உயர்ந்தால் ரிங்கு என்றும், உயராவிடில் வால்வு என்றும் ஊகிக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஸிலிண்டர்கள் இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கக் கூடும். டாப்பெட்டு இடைவெளி மிகக் குறுகியிருந்தால் வால்வு முழுதும் மூடாமல் தீய்ந்துபோகும். ஹெட்டைக் கழற்றும் பெருவேலைக்கு முன், செலவில்லாத டாப்பெட்டுச் சோதனையைச் செய்துவிடுவது அறிவுடைமை.

8. உதாரண வண்டியின் முடிவு

முன்கூறிய சங்கத்தின் வண்டிக்கு வருவோர், அதன் குறையை இப்போது எளிதில் ஊகிப்பர். சங்கத்தார் வேறொரு மெக்கானிக்கை அழைத்து மேற்கண்ட முறையில் சோதித்தனர். இரண்டாம் ஸிலிண்டரின் நட்டைத் தளர்த்தியபோது ஓட்டத்தில் மாறுதல் இல்லை. அதன் நாசிலை மூன்றாவதற்கு மாற்றினர். குறையும் மூன்றாவதற்குச் சென்றது. நாசில் கெட்டிருந்தது, முன்பு பெருந்தொகை செலவிட்ட பம்பு குற்றமற்றது என்று தெரிந்தது. நாசிலைச் செப்பனிட்டதும் வண்டி சீராயிற்று.

ஒரு மாதம் சென்றது. அதே தடுமாற்றம் நான்காம் ஸிலிண்டரில் தோன்றிற்று. இம்முறை, "எது கெட்டது?" என்பதோடு நில்லாமல், "ஏன் கெடுகிறது?" என்றும் கேட்டனர். புட்டிச் சோதனையில் அடியில் தண்ணீரும் துருவும் தங்கின. காரியதரிசி வண்டியின் ஓட்டக் குறிப்பையும் சங்கத்தின் இருப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வண்டி பங்கில் எண்ணெய் பிடித்தவரையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு சங்கமே டீஸலைப் பீப்பாயில் வாங்கி, கிடங்கின் வெளியே மூடி சரியின்றி வைத்து ஊற்றத் தொடங்கிய வாரத்திலிருந்து கணக்கு இறங்கிக்கொண்டே வந்திருந்தது. அந்த வாரத்திலேயே டிரைவர், "காலையில் வெண்புகை, இழுவை குறைவு" என்று குறிப்பில் எழுதியிருந்தார். அதை எவரும் படிக்கவில்லை.

எண்ணெய் திருடு போகவில்லை; எரியாமல் புகையாகப் போயிற்று. அதற்குக் காரணம் டிரைவர் அல்லர். சங்கம் வைத்த பீப்பாய். நிறுத்திய சம்பளம் கொடுக்கப்பட்டது. எந்தக் கூட்டத்தில் சந்தேகம் பேசப்பட்டதோ, அதே கூட்டத்தார் முன் உண்மையும் வாசிக்கப்பட்டு நடவடிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டது. பணத்தைத் திருப்பித் தருவது எளிது. ஒருவர் பெயரைத் திருப்பித் தருவதற்கு இவ்வாறு பலர் முன்னிலையில் செய்தல் அவசியம்.

9. சங்கம் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு

1904-ல் இந்தியாவில் முதல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டபோதே, ஆண்டுக்கு ஒரு முறையேனும் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தணிக்கை என்பது சந்தேகத்தின் விளைவன்று; நேர்மையானவரைச் சந்தேகத்திலிருந்து காப்பதும் அதுவே. பேரேட்டில் தொகை பொருந்தாவிடில், குமாஸ்தாவைக் குற்றஞ் சாட்டுமுன் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பது வழக்கம். எஞ்சினுக்கும் அதே முறை ஏற்றது. அதற்காகச் சங்கம் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

வண்டிக்கு ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, நாள், ஓடிய தூரம், ஊற்றிய எண்ணெய், வாங்கிய இடம், டிரைவர் கண்ட மாறுதல் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை காரியதரிசி அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

பழுதுச் செலவுக்கு அனுமதி கேட்கும்போது, எந்த ஸிலிண்டரில் குறை, எந்தச் சோதனையால் தெரிந்தது என்ற இரண்டு வரிகளை மெக்கானிக்கிடம் எழுதி வாங்க வேண்டும். சோதனை கூறாத பில்லுக்குக் கமிட்டியார் அவசரப்பட்டு இசையலாகாது.

ஒரே நாளில் பல சாமான்களை மாற்றலாகாது. ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்தபின் அடுத்ததைத் தொட வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், வண்டி குணமானாலும் காரணம் தெரியாது. நோய் திரும்பினால் மறுபடி எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்க நேரும். கழற்றிய பழைய சாமானைப் பட்டறையில் விடாமல் கேட்டு வாங்கி வைத்தல் வேண்டும்.

எண்ணெயை நம்பிக்கையான பங்கில் நேரே வண்டியில் நிரப்புவது நலம். டீஸலைப் பீப்பாயில் வைப்பது தவிர்க்க முடியாததாயின், கூரையின் கீழ், மூடி இறுக, பிற சாமான்களுக்கு அப்பால் வைத்து, அடியில் தங்குவதை விட்டு மேலே உள்ளதை வடிகட்டி எடுக்க வேண்டும். பெட்ரோலைக் கிடங்கிலோ வீட்டிலோ சேமித்து வைக்கலாகாது.

தடுமாறும் வண்டியில் பாரம் ஏற்றி மலைச்சாலைக்கு அனுப்பலாகாது. ஒரு நாள் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம், வளைவில் எஞ்சின் நின்று பாரத்தோடு பின்னே உருளும் அபாயத்தை நோக்க மிகச் சிறிது.

கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. ஒரு ஸிலிண்டர் சரியாக வெடிப்பதற்கு வேண்டிய மூன்று எவை?

2. தாளம் சீராக இருந்து வேகம் மட்டும் குறைந்தால் எவற்றை முதலில் பார்க்க வேண்டும்?

3. நாசிலைப் பக்கத்து ஸிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பதால் என்ன தெரியும்?

4. எந்த வகை எஞ்சினில் குழாய் நட்டைத் தளர்த்தலாகாது? ஏன்?

5. உதாரணத்தில் கூறிய சங்கத்தார், டிரைவரின் குறிப்பை முதல் வாரத்திலேயே படித்திருந்தால் எந்தெந்தச் செலவு மிஞ்சியிருக்கும்?

6. நம் சங்கத்து வண்டியின் குறிப்புப் புத்தகம் கடைசியாக எந்தத் தேதியில் படித்துக் கையெழுத்திடப்பட்டது?